அரை வட்டத்தை மூடிய தவளை

ஒரு காட்டின் நடுவில் தட்டையான பெரிய பாறை ஒன்று இருந்தது. அந்தக் காட்டு விலங்குகள் எல்லாம் சேர்ந்து அதன் மேல் தங்கள் காட்டின் வரைபடத்தை வரைந்து வைத்திருந்தன. யார் வேண்டுமானாலும் வரையலாம். யார் வேண்டுமானாலும் திருத்தலாம். கொஞ்சம் செம்மண்ணும் கொஞ்சம் தண்ணீரும் இருந்தால் போதும்.

தண்ணீரைக் குறிப்பதில்தான் தகராறு. கொக்கு தனக்குப் பிடித்த இடத்தில் எல்லாம் மீன் வரைந்தது. எருமை சேற்றுக்கும் குளத்துக்கும் ஒரே கோடு போட்டது. குரங்கு ஓர் ஓடைக்கு நாவல்பழம் வரைந்தது. ஏன் என்று கேட்டால், "அங்கே நாவல் மரம் இருக்கிறதே" என்றது. குளம் என்று அந்தக் கோட்டை நம்பிப் போன மான் இடுப்பு வரை சேற்றில் இறங்கிவிட்டது. பழத்தைப் பார்த்து, அங்கே தண்ணீர் இல்லை என்று நினைத்துக் கடந்து போன முயல், தாகத்தோடு வீடு திரும்பியது.

வேலம்மை என்ற நீர்நாய் எல்லோரையும் பாறைக்கு அழைத்தது.

"இனிமேல் மூன்றே குறிகள். கோடையிலும் வற்றாத குளத்துக்கு முழு வட்டம். கோடையில் வற்றிவிடும் குட்டைக்கு அரை வட்டம். ஊற்றுக்கு ஒரு புள்ளி. மீனும் வேண்டாம், பழமும் வேண்டாம்."

"அப்போது என் சேறு?" என்று எருமை கேட்டது.

"அது உனக்குத் தெரிந்தால் போதும் அண்ணே!"

எல்லாம் சிரித்துக்கொண்டே ஒப்புக்கொண்டன. மணவாளன் என்ற தவளை மட்டும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டது. அது குடியிருந்தது ஓடைக்கரையில் ஒரு குட்டையில். அப்போது மழைக்காலம். குட்டை ததும்பிக்கொண்டிருந்தது. ஓர் அல்லி கூடப் பூத்திருந்தது.

"அரை வட்டமாம். பார்க்கிறவர்கள் பாதியில் நின்றுபோன வீடு என்று நினைக்க மாட்டார்களா?" என்று மனைவி கோமளத்திடம் பொருமியது.

"சித்திரையில் நாம் மண்ணுக்குள் போய்ப் படுக்கிறோமே, அப்போது இங்கே தண்ணீர் எங்கே இருக்கிறது? அரைதான் சரி."

"நீ என் பக்கமா, அந்த நீர்நாய் பக்கமா?"

"நான் தண்ணீர் பக்கம்," என்றது கோமளம்.

மறுநாள் காலை மணவாளன் தனியாகப் பாறைக்குப் போய், மீதி அரையையும் வரைந்து வட்டத்தை மூடியது. கொஞ்சம் பெரிதாகவே மூடியது. வேலம்மை சந்தேகப்பட்டு நேரில் வந்து பார்த்தது. குட்டை நிறைந்திருந்தது.

"இது வற்றாதா?"

"என் பாட்டன் காலத்திலிருந்தே வற்றியதில்லை," என்று மணவாளன் தொண்டையை உப்பிக்கொண்டு சொன்னது.

மழை போனது. அல்லி போனது. பிறகு தண்ணீரும் போனது. தவளைகள் இரண்டும் மண்ணைத் துளைத்து, அடியில் இருந்த ஈரத்தில் போய்ப் படுத்துக்கொண்டன.

ஒரு நண்பகலில் பூமி அதிர்ந்தது. மணவாளன் மெல்லத் தலையை நீட்டிப் பார்த்தது. யானைக் கூட்டம்! முன்னால் நின்றது பெரியாத்தா என்ற மூத்த யானை. அதன் வயிற்றோடு ஒட்டி ஒரு குட்டி யானை, துதிக்கையைத் தூக்கவும் தெம்பில்லாமல் சாய்ந்து நின்றது.

"ஆற்றுக்குப் போயிருக்கலாம். வட்டத்தை நம்பி இந்தப் பக்கம் திரும்பினோம். இனி ஆறு வரை பிள்ளை நடக்காது," என்றது பெரியாத்தா. அது கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் மணவாளனுக்குத் தாங்கவில்லை.

குட்டி யானை முழங்கால் மடங்கிச் சரிந்தது.

"குளத்துக்காரரே, உங்களை நம்பி விருந்தாளிகள் வந்திருக்கிறார்கள். போய்ப் பதில் சொல்லுங்கள்," என்று மண்ணுக்குள்ளிருந்து கோமளத்தின் குரல் வந்தது.

மணவாளன் வெளியே குதித்தது. "ஆத்தா, அந்த வட்டத்தை மூடியது நான்தான். இது குளம் இல்லை, வெறும் குட்டை. பெருமைக்காகச் செய்தேன்."

"உன்னைத் திட்ட எனக்கு நேரமில்லை. தண்ணீர் எங்கே இருக்கிறது? அதைச் சொல்."

"இதோ, நாங்கள் படுத்திருக்கும் இடத்துக்குக் கீழே. அங்கே மணல். எவ்வளவு வெயில் அடித்தாலும் எங்கள் வயிறு நனைந்தே இருக்கிறது. அடியில் ஏதோ ஊறுகிறது. அதுவரை தோண்ட எங்களுக்குத் திராணி இல்லை."

"எங்களுக்கு இருக்கிறது. ஆனால் உன் வீடு போய்விடும்."

மணவாளன் தன் வளையைத் திரும்பிப் பார்த்தது. அதற்குள் கோமளம் வெளியே வந்து ஓரமாக ஒதுங்கி, யானைக்கு இடம் விட்டது.

"தோண்டுங்கள்," என்றது மணவாளன்.

பெரியாத்தா காலால் கொத்தியது, துதிக்கையால் அள்ளியது. காய்ந்த சேறு வந்தது. ஈர மணல் வந்தது. கடைசியில் ஒரு தேங்காய் மூடி அளவு கலங்கல் நீர் வந்தது. அது தெளியும்வரை எல்லோரும் காத்திருந்தார்கள். தெளிந்த நீரில் ஒரு துண்டு வானம் தெரிந்தது. பெரியாத்தா வானத்தையும் சேர்த்து உறிஞ்சிக் குட்டியின் வாயில் ஊற்றியது. குழி மறுபடி ஊறியது. குட்டி மறுபடி குடித்தது. பிறகு எழுந்து நின்று, மிச்ச நீரை மணவாளன் தலையில் பீச்சியது.

அன்று மாலை பெரியாத்தாவின் முதுகில் ஏறி மணவாளன் பாறைக்குப் போனது. வேலம்மை பார்த்துக்கொண்டிருக்க, வட்டத்தில் பாதியை ஈரக் காலால் அழித்தது. மீதி இருந்த அரை வட்டத்துக்குள் ஒரே ஒரு புள்ளி வைத்தது.

"ரொம்பச் சின்னதாகத் தெரிகிறதே, பரவாயில்லையா?" என்று வேலம்மை கேட்டது.

"தேடி வருகிறவர்களுக்குத் தெரிந்தால் போதும்."

புள்ளியைப் பார்த்து மான் வந்தது. முயல் வந்தது. எருமையும் வந்து குழியில் படுக்கப் பார்த்தது. கோமளம் அதன் மூக்கில் குதித்து விரட்டியது. வந்தவர்கள் எல்லாம் குடித்துவிட்டு, பக்கத்தில் புதுவீடு துளைத்துக்கொண்டிருந்த மணவாளனிடம் ஒரு வார்த்தை பேசிவிட்டுப் போனார்கள்.

"இப்போது நீங்கள் எந்தப் பக்கம்?" என்று கோமளம் கேட்டது.

"தண்ணீர் பக்கம்," என்றது மணவாளன்.

பலர் நம்பி நடக்கும் வரைபடத்தில் நம் பெருமையை வரையாமல், உள்ளதை உள்ளபடி, எல்லோரும் ஒப்புக்கொண்ட குறியால் வரைய வேண்டும்.