ரெண்டு சங்கரலிங்கமும் ஒரு லேமினேஷனும்

இந்தக் கதையில் வயிறு குலுங்கச் சிரிக்கிற இடம் ஒன்று இருக்கிறது. சத்தியமாக இருக்கிறது. ஆனால் இப்போது இல்லை. இது ஒருத்தனுடைய கல்யாண விஷயம். வந்ததும் வராததுமாகப் பல்லைக் காட்டினால் நன்றாகவா இருக்கும்? சொல்லும்போது சிரியுங்கள். அதுவரை முகத்தை எழவு வீட்டுக்கு வந்த மாதிரி வைத்துக்கொள்ளுங்கள்.

மாப்பிள்ளை பேர் பால்சாமி. முத்தாலம்மன் பேண்டு செட்டில் கிளாரிநெட் வாசிக்கிறவன். ஊரில் பாதிப் பேர் கல்யாண ஊர்வலத்துக்கு வாசித்தாயிற்று. அவனுடைய ஊர்வலம்தான் கிளம்புவதாக இல்லை. கடைசியில் சாத்தூர் சங்கரலிங்கம் வீட்டில் பெண் பார்த்தார்கள். பெண்ணை அவனுக்கு எவ்வளவு பிடித்துப்போயிற்று என்றால், அன்றிலிருந்து சாவு வீட்டில்கூடக் காதல் பாட்டாக வாசித்துக்கொண்டிருந்தான்.

சங்கரலிங்கம் ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தார். "தம்பி, நல்லா யோசிச்சு ஞாயித்துக்கிழமை பொழுது சாயறதுக்குள்ள போன்ல சொல்லிருங்க. இல்லேன்னா அருப்புக்கோட்டை மாப்பிள்ளைக்குச் சரின்னு சொல்லிருவேன்."

ஞாயிற்றுக்கிழமை வந்தது. பால்சாமி போனை எடுத்தான். பார்த்தால், போனில் சங்கரலிங்கம் ரெண்டு இருந்தார்! கல்யாணத் தரகர் பதிந்து கொடுத்தது மேலே ஒன்று. சங்கரலிங்கம் கூப்பிட்டபோது பால்சாமியே பதிந்தது கீழே ஒன்று.

உடனே பேண்டு செட் கூடியது. கொம்பையா, பெரிய டிரம். சடையாண்டி, டிரம்பெட். மூளை என்பது இந்த மூவருக்கும் பொதுச் சொத்து. அன்றைக்கு அது யாரிடமும் இல்லை.

"நம்பர் ஒண்ணு போலத்தாண்டா இருக்கு" என்றான் சடையாண்டி. "ஆனா கீழ இருக்கறவருக்கு முன்னாடி மட்டும் ஒரு கூட்டல் போட்டு தொண்ணூத்தொண்ணுன்னு இருக்கு."

"கூட்டிக்கிட்டு வர்ற ஆளுங்க கணக்குடா" என்றான் கொம்பையா. "பொண்ணு வீட்டுலேர்ந்து தொண்ணூத்தொரு பேரு வர்றாங்க. மேல இருக்கறவர் தனியா வருவாரு."

பால்சாமிக்கு வேறு கவலை. தப்பான சங்கரலிங்கத்திடம் சரி என்று சொல்லி, அவருக்கு ஐம்பது வயதில் தங்கச்சி இருந்து தொலைத்தால்?

மூவரும் செல்போன் கடை ரியாஸிடம் ஓடினார்கள். அவரைச் சுற்றி ஒரே கூட்டம். தலையைத் தூக்காமலே சொன்னார்: "ஒண்ணும் பயப்படாதீங்கண்ணே. முதல்ல ஒரு காப்பி எடுத்து வேற எடத்துல பத்திரமா வச்சிருங்க. அப்புறம் ரெண்டும் ஒரே ஆளுதானான்னு செக் பண்ணுங்க. ஒரே ஆளுன்னா மெர்ஜ் குடுங்க. ரெண்டும் ஒண்ணாயிரும்."

இவ்வளவு தெளிவாகச் சொன்னால் யாருக்குத்தான் புரியாது? நேராக ஜெராக்ஸ் கடைக்குப் போனார்கள்.

போனைக் கண்ணாடிமேல் கவிழ்த்து மூடியை மூடினார்கள். கருகருவென்று ஒரு தாள் வந்தது. "வெளிச்சம் அடிச்சதும் கண்ணை மூடிக்கிச்சு" என்றான் சடையாண்டி. அடுத்த தடவை போன் தூங்கிவிடாமல் கொம்பையா பெருவிரலால் அழுத்திக்கொண்டே இருந்தான். மங்கலாக ரெண்டு சங்கரலிங்கமும், பளிச்சென்று ஒரு கொம்பையா விரலும் வந்தன. தண்ணீர் பட்டாலும் கெடாமல் இருக்க லேமினேஷன் போட்டு, பெரிய டிரம்மைத் திறந்து உள்ளே வைத்துப் பூட்டினார்கள்.

இன்னும் சிரிக்க வேண்டாம். வேலை பாதிதான் முடிந்திருக்கிறது.

அடுத்து, ஒரே ஆள்தானா என்று பார்க்க வேண்டும். பால்சாமி தன் போனில் மேல் சங்கரலிங்கத்தைக் கூப்பிட்டான். அதே நேரம் கொம்பையா தன் போனில் கீழ் சங்கரலிங்கத்துக்கு அடித்தான்.

மேல் சங்கரலிங்கம் இருமிக்கொண்டே எடுத்தார். "சொல்லுங்க தம்பி, நல்ல சேதிதானே?"

கொம்பையாவின் போனில் ஒரு பெண்குரல், தேனில் குழைத்தாற்போல, "நீங்கள் அழைக்கும் நபர் வேறொரு அழைப்பில் இருக்கிறார்" என்றது.

கொம்பையாவின் முகம் இருண்டது. "ஒருத்தர் பேசறாரு. இன்னொருத்தர் பிஸி. ஒரே ஆளா இருந்தா ரெண்டு போன்லயும்ல பேசணும்?"

"அப்ப இது டூப்ளிகேட்டு" என்று தீர்ப்புச் சொன்னான் சடையாண்டி. "மாப்ள, விடாத, கேளு."

பால்சாமி நெஞ்சை நிமிர்த்தினான். "ஐயா, உண்மையைச் சொல்லுங்க. நீங்க சங்கரலிங்கம்தானா? இல்ல அவர் பேர்ல பேசற ஆளா? ஆதார் கார்டைக் காட்டுங்க பார்ப்போம்."

"ஏய், குடிச்சிருக்கியா?" என்று ஒரு கத்தல். இருமல். போன் வைக்கப்பட்டது.

கொம்பையா மறுபடி கீழ் சங்கரலிங்கத்துக்கு அடித்தான். என்ன ஆச்சரியம், இப்போது மணி போயிற்று! பால்சாமி போனைப் பிடுங்கினான். "மாமா! பேண்டு செட்டு பால்சாமி பேசறேன். உங்க பேர்ல ஒரு கிழட்டுத் திருடன் திரியறான் மாமா. குரலைக் கேட்டாலே தெரியுது, சரியான நாலாந்தரம். நாக்கைப் புடுங்கிக்கற மாதிரி ஆதார் கேட்டேன், பயந்துபோய் வச்சிட்டான்."

அந்தப் பக்கம் ஓர் இருமல் கேட்டது. சாத்தூர்க்காரர்கள் எல்லாருக்கும் ஒரே இருமல்போல என்று பால்சாமி நினைத்துக்கொண்டான்.

"அப்படியா தம்பி?" குரல் வெண்ணெயாக வழுக்கியது. "நாலாந்தரமா?"

"அஞ்சாந்தரம்னே வச்சுக்கங்க மாமா."

"ரொம்ப சந்தோஷம். ஒண்ணு பண்ணுங்க. இப்பவே அவனைக் கூப்பிட்டு, உன் பொண்ணு எனக்கு வேண்டாம்னு தெளிவாச் சொல்லிருங்க. மத்ததை நான் பார்த்துக்கறேன்."

எப்பேர்ப்பட்ட மாமனார்! பால்சாமிக்குக் கண் கலங்கியது. உடனே மேல் சங்கரலிங்கத்தைக் கூப்பிட்டு, "உங்க பொண்ணு எனக்கு வேண்டாம்" என்று முழங்கினான்.

"மகராசனா இருங்க தம்பி" என்று வந்தது பதில். திருடனாக இருந்தாலும் மரியாதை தெரிந்தவன்.

சடையாண்டி யோசனையில் இருந்தான். "ரெண்டு பேர்ல ஒருத்தர் கணக்கை முடிச்சாச்சு. மிச்சம் எத்தனை?"

"ஒருத்தர்."

"ஒருத்தர்னா மெர்ஜ் குடுக்கலாம்னு ரியாஸ் பாய் சொன்னாரா இல்லையா?"

மெர்ஜ் கொடுத்தார்கள். போனில் ஒரே ஒரு சங்கரலிங்கம் அம்சமாக நின்றார். வெயில் இன்னும் சாயவில்லை. பால்சாமி தலையைப் படிய வாரிக்கொண்டு அவரைக் கூப்பிட்டான்.

"மாமா, அந்தத் திருடன்கிட்ட வேண்டாம்னு சொல்லிட்டேன். உங்க பொண்ணைக் கட்டிக்க எனக்குப் பரிபூரண சம்மதம்!"

இருமல். "என்கிட்டத்தானே தம்பி வேண்டாம்னீங்க? அருப்புக்கோட்டைக்கு அப்பவே சொல்லியாச்சு. வர்ற வெள்ளிக்கிழமை நிச்சயம். ஊர்வலத்துக்கு உங்க பேண்டு செட்டையே சொல்லிருக்கேன். மறக்காம வந்துருங்க."

இப்போது சிரிக்கலாம். பால்சாமியால்தான் முடியவில்லை. போனைப் பார்த்தான். ஒரே பேர். அதே குரல். அதே இருமல். மண்டைக்குள் ஏதோ மெல்ல ஏறி, இறங்கி, மறுபடி ஏறியது.

"டேய்... ரெண்டு பேரும் ஒருத்தர்டா!"

"பின்னே?" என்றான் சடையாண்டி. "மெர்ஜ் குடுத்தோம்ல?"

"அதுக்கு முன்னாடியே ஒருத்தர்டா, பாவி!"

பால்சாமி தரையில் உட்கார்ந்து ஓவென்று அழுதான். கொம்பையா மட்டும் பதறவில்லை. டிரம்மைத் திறந்து லேமினேஷனை எடுத்துத் துடைத்து நீட்டினான்.

"எதுக்கு அழுவற? இதுக்குத்தானே ரியாஸ் பாய் காப்பி எடுத்து வைக்கச் சொன்னாரு? இதுல ரெண்டு பேரும் இன்னும் தனித்தனியாத்தான் இருக்காங்க. கீழ இருக்கறவரை அமுக்கு."

பால்சாமி அவனைப் பார்த்தான். வெயிலைப் பார்த்தான். மூக்கைத் துடைத்துக்கொண்டு, கீழ் சங்கரலிங்கத்தை அழுத்தி, லேமினேஷனைக் காதில் வைத்தான்.

"என்ன மாப்ள, எடுத்தாரா?"

"இல்லடா" என்றான் பால்சாமி. "பிஸியா இருக்காரு போல."