வியட்நாமில் நிற்காமல் நடந்தவர்கள்

முசிறியில் மூன்று பேர் இருந்தார்கள். சொன்னதைச் சொன்னபடியே செய்துவிடுவார்கள் என்பதால், ஊரில் யாரும் அவர்களிடம் எதையும் சொல்லாமல் ஜாக்கிரதையாக இருந்தார்கள். இது தெரியாமல் திருச்சியில் டிராவல்ஸ் வைத்திருந்த ஜெசிந்தா என்ற அம்மாள் அவர்களுக்கு வியட்நாம் டிக்கெட் போட்டுக் கொடுத்து, முதுகில் பையோடு ஊர் சுற்றுவது எப்படி என்று மூன்று யோசனையும் சொல்லிவிட்டார்.

முதல் யோசனை, எடுத்து வைத்த சாமானில் பாதியை வீட்டிலேயே விட்டுவிட வேண்டும். மூவரில் மூத்தவர் அரிசி மில் மருதையன். துண்டையும் சோப்பையும் அவர் பாதியாக வெட்டினார். எந்தக் கால் செருப்பை விடுவது என்று ஒரு பகல் முழுக்கப் பேசி, இடது கால் என்று முடிவானது. அவர் மைத்துனர் சித்திரவேலும் ஒற்றைச் செருப்போடு வந்தார். உரக்கடை பூபாலன் மூக்குக்கண்ணாடியிலும் ஒரு சில்லைக் கழற்றி அலமாரியில் வைத்தான்.

பூபாலனுக்கு மட்டும் அவ்வப்போது சந்தேகம் வரும். ஆனால் வெளியே சொல்ல மாட்டான். சொன்னால் முட்டாள் என்று நினைத்துவிடுவார்களே.

பாஸ்போர்ட்டை உடம்போடு ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள் என்பது இரண்டாவது யோசனை. பஞ்சர் சொல்யூஷன் தடவி நெஞ்சில் ஒட்டிக்கொண்டார்கள். ஹனோய் விமான நிலையத்து அதிகாரி வெகுநேரம் பார்த்துவிட்டு, மேஜைமேல் எக்கி வந்து மருதையனின் மார்பிலேயே முத்திரை குத்தினார். உள்ளே இருதயம் இருக்கிறது, மெதுவாகக் குத்துங்கள் என்று மருதையன் தன்மையாகக் கேட்டுக்கொண்டார்.

மறுநாள் காலை லாட்ஜுக்கு எதிர்ச்சாரியில் நூடுல்ஸ் சூப் ஆவி பறந்தது. விமானம் ஏறியதிலிருந்து வயிறு காய்ந்திருந்த பூபாலன் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். நடுவே மோட்டார் சைக்கிள் வெள்ளம். இதற்குத்தான் மூன்றாவது யோசனை: ரோட்டில் இறங்கினால் நிற்கக் கூடாது, ஓடக் கூடாது, ஒரே சீராக நடந்துகொண்டே இருக்க வேண்டும்.

இறங்கினார்கள். வண்டிகள் விலகின. பூபாலனுக்கு ஒரு கண்தான் தெளிவாகத் தெரிந்ததால் பாதி வண்டிக்குத்தான் பயந்தான். அக்கரை வந்தது, சூப் கடை வந்தது. கடைக்குள் புகுந்து, அடுப்படி வழியாகப் பின்வாசலில் வெளியே போய்க்கொண்டிருந்தார்கள்.

கிண்ணங்கள் தன்னைக் கடந்து போவதைப் பூபாலன் திரும்பித் திரும்பிப் பார்த்தான்.

"அண்ணே, ரோடு முடிஞ்சிருச்சு போலிருக்கே."

"முடிஞ்சா நில்லுங்கன்னு அந்தம்மா சொன்னுச்சா?" என்றார் மருதையன், நடந்தபடியே.

"சொல்லல."

"நிக்காம நடந்ததாலதானே இவ்வளவு நேரம் உயிரோட இருக்கோம்," என்றார் சித்திரவேல்.

ஏரிக்கரையில் ஒரு கல்யாண ஜோடி படம் எடுத்துக்கொண்டிருந்தது. அந்தப் படத்தில் இப்போது ஐந்து பேர் இருக்கிறார்கள். போலீஸ்காரர் கை காட்டியதும் தெருவே நின்றது. மூவர் மட்டும் நிற்கவில்லை; மருதையன் போகிற போக்கில் ஒரு சலாம் வைத்தார். எந்தச் சுற்றுலாப் புத்தகத்திலும் இல்லாத இடத்துக்கு இவர்கள் போகிறார்கள் என்று நம்பி, பெரிய பைகளோடு இரண்டு வெள்ளைக்காரர்கள் பின்தொடர்ந்தார்கள். கொஞ்ச தூரத்தில் மூச்சு வாங்கி ஒரு மரத்தடியில் உட்கார்ந்துவிட்டார்கள்.

"போய்ச் சேந்துட்டாங்க, பாவம்," என்று சித்திரவேல் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

சந்து முடிந்த இடத்தில் தண்டவாளம். அதன்மேல், இவர்கள் வழியை மறித்து ஒரு ரயில் நின்றது. நிற்க முடியாதே, திறந்திருந்த கதவில் ஏறினார்கள். எதிர்க்கதவு பூட்டியிருந்ததால் பெட்டிக்குள்ளேயே நீளவாக்கில் நடந்தார்கள். ரயில் கிளம்பிவிட்டது.

கடைசிப் பெட்டி வரை போய்த் திரும்பினார்கள், முதல் பெட்டி வரை போய்த் திரும்பினார்கள். ஜனங்கள் காலை மடக்கி வழிவிட்டார்கள். ஒரு அம்மாள் பூபாலன் தாண்டும்போதெல்லாம் ஒரு வாழைப்பழம் நீட்டினார். மூன்றாவது பழத்தில்தான் அவனுக்கு உயிர் வந்தது.

டிக்கெட் பரிசோதகர் கூடவே நடந்து டிக்கெட் கேட்டார்.

"ரயில்ல போறவங்ககிட்டப் போய்க் கேக்கச் சொல்லு," என்றார் மருதையன் பூபாலனிடம். "நாம நடந்துதானே போறோம்."

அது நியாயமாகவே பட்டது பூபாலனுக்கு. ஜன்னலைப் பார்த்தான். மரங்களும் வீடுகளும் பின்னால் பறந்தன. அவனுக்குக் கதிகலங்கியது.

"அண்ணே, மெதுவா நடங்க. இந்த வேகத்துல போனா யார் மேலயாச்சும் மோதிருவோம்."

மூவரும் நடையைக் குறைத்தார்கள். வெளியே ஏதோ ஸ்டேஷன் வந்தது. மரங்களும் மெல்ல மெல்ல வேகம் குறைந்தன.

"இப்பத்தான் சரி," என்றார் மருதையன்.