இரண்டு ராணிகளின் ஒப்பாரி

"வாத்தியாரம்மா, ஒப்பாரியை முதல்ல எடுக்க வேண்டியவ நான்தானே?"

கேட்டுவிட்டு வேதவல்லி தன் பையைக் கையில் எடுத்துக்கொண்டாள். பதில் பிடிக்காவிட்டால் ஊருக்குப் பஸ் ஏறிவிடுவதென்று முடிவு. மறுநாள் கோயில் திருவிழாவில் நாடகம்; இன்று கடைசி ஒத்திகை.

அது பெண்களே நடத்தும் நாடகக் குழு. கதையில் அண்ணனும் தம்பியும் அரியணைக்காக மோதி, ஒரே களத்தில் விழுகிறார்கள். வேதவல்லிக்கு அண்ணன் மனைவி வேஷம்.

நாடகம் சொல்லிக்கொடுக்கும் வாத்தியார் அஞ்சுகம் அவளைவிடப் பத்து வயது இளையவள். மத்தளத்தின் வாரை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தாள்.

"ஏன்க்கா நீங்க முதல்ல?"

"நான் பட்டத்து ராணி. பன்னிரண்டு வருஷமா இந்தக் குழுவில இருக்கேன்."

தம்பி மனைவியாக நடிக்கும் மரகதம் சும்மா இருக்கவில்லை.

"முதல்ல செத்தது என் புருஷன். முதல்ல அழறதும் நான்தான்."

"சரி," என்றாள் அஞ்சுகம். "ரெண்டு பேருமே முதல்ல அழுங்க."

பாயில் செங்கேணி அண்ணனாகவும் குப்பம்மாள் தம்பியாகவும் செத்துக் கிடந்தார்கள்.

வேதவல்லி குரலெடுத்தாள். மரகதம் அதைவிட ஒரு கட்டை மேலே போனாள். வேதவல்லி ஓரடி முன்னே வந்தாள். மரகதம் இரண்டடி. தோளும் தோளும் இடித்தன.

"என் கையை மிதிக்கிறீங்க," என்றது தம்பியின் பிணம்.

யாரும் காதில் வாங்கவில்லை.

அஞ்சுகம் எழுந்து போய்ப் பெட்டியிலிருந்து இரண்டு மரக்கத்திகளை எடுத்து வந்தாள். ஒன்றை வேதவல்லியிடம் நீட்டினாள். மற்றதை மரகதத்திடம்.

பாட்டு நின்றது.

"எதுக்கு வாத்தியாரம்மா இது?"

"இவங்க ரெண்டு பேரும் ஓய்ஞ்சு படுத்துட்டாங்க. மிச்சச் சண்டையை நீங்க முடிச்சிடுங்க."

வேதவல்லி எதிரே பார்த்தாள். வியர்த்து, மூக்கு விடைக்க, கையில் கத்தியோடு மரகதம். தானும் அப்படித்தான் நிற்பதாகத் தோன்றியது.

முதலில் வெட்கமாக இருந்தது. அப்புறம் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. மரகதமும் சிரித்தாள். சிரித்துச் சிரித்து இருவரும் பாயிலேயே உட்கார்ந்துவிட்டார்கள்.

வேதவல்லியின் பக்கத்தில் கிடந்தது தம்பி. கதையில் அவள் புருஷன் மேல் கத்தி பாய்ச்சியவன்.

அவன் தலையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். மிதிபட்ட கையைத் தடவிக் கொடுத்தாள்.

"சின்னவனே, உனக்குச் சோறு பிசைஞ்சு கொடுத்தவ நானில்லையா," என்று தாழ்ந்த குரலில் தொடங்கினாள். நாடகத்தில் இல்லாத வரி அது.

மரகதம் நகர்ந்து போய் அண்ணனின் காலடியில் உட்கார்ந்தாள்.

"மூத்தவரே, எனக்குப் பரிசம் கொண்டுவந்தவர் நீங்கதானே," என்று அவளும் சேர்ந்துகொண்டாள்.

அஞ்சுகத்தின் விரல்கள் மத்தளத்தை மெல்லத் தொட்டன. பன்னிரண்டு வருஷத்தில் வேதவல்லிக்கு இப்படிப் பாட வந்ததில்லை. நெஞ்சு பஞ்சாக இருந்தது.

மடியில் ஒரு விசும்பல் கேட்டது.

வேதவல்லி பாட்டை நிறுத்தினாள்.

"வாத்தியாரம்மா, பிணம் அழுவுது."

"கண்ணைத் துடைச்சு விடுங்கக்கா," என்றாள் அஞ்சுகம். "பாட்டை விட்டுடாதீங்க."