நீளவாலி அடைத்த வழி

ஏரிக்கரைக்குள் எலிகளின் ஊர் ஒன்று இருந்தது. அங்கே எந்தச் சந்தில் நுழைந்தாலும் இன்னொரு சந்துக்குப் போய்விடலாம். எல்லாச் சந்துகளும் கூடும் இடத்தில் வெள்ளைமூக்கி என்ற எலியின் வளை. போகிற வருகிற எலிகள் அங்கே நின்று இரண்டு வார்த்தை பேசாமல் நகராது.

அடுத்த வளை நீளவாலியுடையது. ஊரிலேயே அதன் வால்தான் நீளம், மனசுதான் குட்டை. "என் வாலைப் பார்க்க ஒருத்தரும் வருவதில்லை. அவள் வாசலில் மட்டும் தினமும் திருவிழாவா!" என்று வயிறெரிந்தது.

ஊரில் குட்டிகள் பெருகின. இடம் போதவில்லை. புதிய வளைகள் தோண்ட எல்லாம் கூடியபோது நீளவாலி முந்திக்கொண்டது.

"இனி சந்தோடு சந்தைச் சேர்க்காதீர்கள்! வீட்டுக்கு ஒரு வழி போதும். கண்டவர்களும் ஏன் நம் வாசலை மிதிக்க வேண்டும்?"

"ஆபத்து வந்தால் எப்படித் தப்புவது?" என்று கேட்டது வெள்ளைமூக்கி.

"பார்த்தீர்களா! தன் வாசலில் கூட்டம் குறைந்துவிடுமே என்று இவளுக்குப் பயம்!"

அந்தப் பேச்சு இளசுகளுக்குப் பிடித்துப்போயிற்று. ஆளுக்கொரு முட்டுச்சந்தாகத் தோண்டிக்கொண்டே போயின. ஊர் கரை நெடுகப் பரவியது. நீளவாலியோ, பக்கத்து வளைக்குப் போகும் வழியைக் கல்லை உருட்டி அடைத்துவிட்டு, கரையின் மறுபக்கம் ஒரே ஒரு வாசல் வைத்துக்கொண்டது. ஆனாலும் கல்லில் காதை வைத்து, அங்கே யார் சிரிக்கிறார்கள் என்று கேட்காமல் அதற்குத் தூக்கம் வராது.

ஒருநாள் சாரைப்பாம்பு ஒன்று அந்த வாசலில் தலையை நீட்டியது.

"ஒரே வழிதானா? எனக்கும் அதுதான் வசதி!"

நீளவாலி தன் குட்டிகளைத் தள்ளிக்கொண்டு கல்லருகே ஓடியது. மண் இறுகிப்போயிருந்த கல் அசையவில்லை. அந்தப் பக்கம் வெள்ளைமூக்கியின் குரல் கேட்டது. 'போயும் போயும் இவளையா கூப்பிடுவது!' என்று நினைத்த நீளவாலிக்கு அப்போதும் கூப்பிட வாய் வரவில்லை. பாம்பு நெருங்கியது. "அம்மா!" என்று கடைக்குட்டி அலறியது.

"வெள்ளைமூக்கி அக்கா! என் பிள்ளைகளைக் காப்பாற்று!"

"எல்லாரும் ஓடி வாருங்கள்!" என்று கத்தியது வெள்ளைமூக்கி. நாலாபக்கச் சந்துகளிலிருந்தும் எலிகள் பாய்ந்து வந்து மண்ணைப் பறித்துக் கல்லை நகர்த்தின. குட்டிகள் தப்பின. கடைசியாக நீளவாலி புகுந்ததும் கல்லை மறுபடி உருட்டி அடைத்தன. ஆனால் கூப்பிடத் தயங்கிய அந்த நேரத்துக்குள் பாம்பு நெருங்கிவிட்டதால், புகும்போதே நீளவாலியின் வாலைக் கவ்விவிட்டது. வால் அறுந்து பாம்போடு போயிற்று.

மறுநாள் முட்டுச்சந்துகளை ஒன்றோடொன்று சேர்க்க எலிகள் கிளம்பின. முதலில் மண் பறிக்க வந்தது வாலில்லாத நீளவாலிதான்.

அடுத்தவர் வாழ்வதைப் பொறுக்காமல் வழியை அடைக்கிறவர், ஆபத்து வரும்போது தமக்கே வழியில்லாமல் தவிப்பார்.