கோழி ஏன் ஒற்றைக் கண்ணால் வானம் பார்க்கிறது

கோழி சொன்னது மனுசருக்கும் விளங்கிய அந்தக் காலத்தில், வேலுத்தாய் என்று ஒருத்தி இருந்தாள். பயமென்றால் அப்படியொரு பயம் அவளுக்கு. போன தடவை பொரித்த குஞ்சுகள் அத்தனையையும் பருந்து தூக்கிப்போய்விட்டது. அதனால் இந்தத் தடவை ஏழு குஞ்சுகளையும் தாயோடு சேர்த்துப் பஞ்சாரக் கூடையால் கவிழ்த்து மூடிவிட்டாள். வேளாவேளைக்குக் குருணை போட்டாள்.

பத்தே நாளில் குஞ்சுகளின் கால் துவண்டது.

“ஆத்தா, திறந்து விடு,” என்றது தாய்க்கோழி கருப்பி. “குருணை வயித்தைத்தான் நிரப்பும். காலுக்குக் கரையானும் புழுவும் பச்சையும் வெயிலும் வேணும்.”

“பருந்து வந்தா?”

“காலுல பலமிருந்தா ஓடிப் பிழைச்சுக்கும். உள்ளேயே கிடந்தா என்னாகும்னு நீயே பாரு.”

நெஞ்சு படபடக்க, அரை மனசாகக் கூடையைத் தூக்கினாள். ஆனால் பாருங்கள், ஆறைத்தான் விட்டாள்! கடைசிப் பொடிசை மட்டும் திரும்ப மூடினாள். “இது என் செல்லம். இதைப் பறிகொடுக்க மாட்டேன்.” கருப்பி எவ்வளவோ கெஞ்சியது. கேட்டால்தானே!

ஆறும் குப்பையைக் கிளறின, புழுதியில் புரண்டன, வெட்டுக்கிளியைத் துரத்தின. எட்டு நாளில் கால் உரமேறிவிட்டது. வேலுத்தாயோ கையில் கம்போடு வானத்தையே பார்த்து நின்றாள். உலையில் சோறு குழைந்தது கூடத் தெரியவில்லை. கூடைக்குள் பொடிசு கத்திக் கத்தி ஓய்ந்தது. ஒன்பதாம் நாள் அது தலை தொங்கிக் கிடந்ததைக் கண்டு பதறி, அவளே எடுத்து வெளியே விட்டாள்.

அன்றைக்கென்று பார்த்தா வரவேண்டும் அந்தப் பருந்து! நிழல் தரையில் விழுந்ததும் கருப்பி அலறியது. ஆறும் வேலிமுள்ளுக்குள் பாய்ந்துவிட்டன. பொடிசு இரண்டடி வைத்தது, கால் மடங்கி உட்கார்ந்துவிட்டது. வேலுத்தாய் எறிந்த கம்பு போய் விழுமுன் எல்லாம் முடிந்துபோனது.

“ஐயோ, நானே கொன்னுட்டேனே! பயந்து பயந்து அதை ஓடத் தெரியாமப் பண்ணிட்டேனே!” மாரில் அடித்துக்கொண்டு அழுதாள். “இனி எப்படிடி உங்களை வெளியே விடுவேன்?”

கருப்பி அவள் காலடியில் வந்து நின்றது. “மூடிடாதே ஆத்தா. நீ போய் வேலையைப் பாரு. வானத்தை நான் பாத்துக்கிறேன்.”

ஆறையும் கூப்பிட்டு மறுபடி கிளற ஆரம்பித்தது. நாலு கொத்து கொத்தியதும் தலையைச் சாய்த்து, ஒரு கண்ணை மேலே திருப்பிப் பார்த்தது.

அன்று பிடித்த பழக்கம்தான், இன்றும் கோழி மேயும்போது நடுநடுவே தலையைச் சாய்த்து ஒற்றைக் கண்ணால் வானத்தைத் துழாவுகிறது. விடிந்ததும் பஞ்சாரத்தைத் தூக்குகிறவளும் ஒரு குஞ்சைக்கூட உள்ளே நிறுத்திவைப்பதில்லை, நெஞ்சு எவ்வளவு அடித்துக்கொண்டாலும்.