பாவாயியின் தறியும் பல்லியின் வாயும்

பல்லிக்கு வாய் நிறையப் பேச்சு இருந்த அந்தக் காலத்தில், பாவாயி என்றொரு நெசவுக்காரி இருந்தாள். அவள் கணவன் காளியண்ணன் கல்யாண வீடுகளில் சமைப்பவன். கையில் வெறும் கந்தலைச் சுற்றிக்கொண்டு, கொதிக்கும் அண்டாக்களைத் தூக்கித் தூக்கி அவன் கை எப்போதும் கொப்பளித்துக் கிடந்தது. அதைப் பார்க்கப் பொறுக்காமல், தடித்த பருத்தி நூலில் அண்டா பிடிக்க அடுப்படித் துணி நெய்து தருகிறேன் என்று அவள் தறியில் உட்கார்ந்தாள்.

தறிக்கு நேர்மேலே, சுவரில் ஒரு பல்லி குடியிருந்தது.

"அக்கா, இடது கரை தளர்ந்திருக்கு," என்றது பல்லி. பாவாயி சரிசெய்தாள்.

"இப்ப இறுகிப் போச்சு." அதையும் சரிசெய்தாள்.

"நேத்துப் போட்ட சிவப்புக் கோடு இதைவிட அகலமா இருந்துச்சே. வெளியில ஆடு கத்துது, கேக்குதா?"

"கேக்குது!"

"அப்ப ஏன் எந்திரிக்கல?"

ஒரு முழம் நெய்வதற்குள் பாவாயிக்குத் தலை வலித்தது. பல்லி சொல்வதில் பாதி சரியாகவும் இருந்து தொலைத்ததில்தான் அவளுக்கு இன்னும் எரிச்சல். மூன்றாம் நாள், சட்னிக்கு அரைத்த தேங்காய் போதாது என்று பல்லி ஆரம்பித்தபோது, நூலோடு குறுக்கே ஓடிக்கொண்டிருந்த நாடாக்கட்டையைப் பிடித்து நிறுத்தினாள்.

"இந்தத் தறியைத் தொட்டுச் சத்தியம் பண்ணு. இனி ஒரு வார்த்தை பேசக் கூடாது."

"நல்லதுக்குத்தானே சொல்றேன்..."

"உன் நல்லது எனக்கு வேண்டாம். பண்ணு!"

பல்லிக்கும் ரோஷம் வந்துவிட்டது. இறங்கி வந்து தறிக்கட்டையில் முன்னங்காலை வைத்தது. "இனி ஒரு வார்த்தை பேசினா ஏன்னு கேளு." விறுவிறுவென்று சுவரேறிப் போய்விட்டது.

தறியைத் தொட்டுச் செய்த சத்தியத்தை அப்போதெல்லாம் யாராலும் மீற முடியாது. செய்தவரே நினைத்தாலும் முடியாது.

வீடு அமைதியானது. பாவாயி ஏதோ பாட்டை முணுமுணுத்தபடி நெய்தாள். கண் முழுக்கத் துணியின் கரையிலேயே இருந்தது. நடுவில் ஓர் இழை அறுந்தது. பக்கத்தில் இன்னொன்று, பிறகு ஆறேழு. பல்லி பார்த்துவிட்டது. வாயைத் திறந்தது, சத்தம் வரவில்லை. சுவரில் மேலும் கீழும் ஓடியது.

"இப்பத்தான் நிம்மதியா இருக்கு," என்றாள் பாவாயி, நிமிராமலே.

துணியின் நடுவே ஒரு விரல் அகலத்துக்கு வலைபோல் ஓட்டை விழுந்து நீண்டது.

அவள் விரித்துப் பார்க்காமலே மடித்துக் கொடுத்த அந்தத் துணியோடு காளியண்ணன் ஒரு கல்யாணத்துக்குப் போனான். சாம்பார் அண்டாவைப் பிடித்ததும் ஓட்டை வழியே உள்ளங்கை வெந்தது. பிடி விட்டது. சாம்பார் அவன் பாதத்தில் கொட்டியது. மாப்பிள்ளை வீட்டார் வெறும் மோர்ச்சோறு தின்றுவிட்டுக் கோபத்தோடு எழுந்தார்கள்.

கையிலும் காலிலும் கட்டோடு அவனைக் கொண்டுவந்து கிடத்தினார்கள். பாவாயி துணியை விரித்துப் பார்த்தாள். நேராகச் சுவரிடம் போனாள்.

"பாத்துக்கிட்டுத்தானே இருந்த? தேங்காய்க்கெல்லாம் வாயைத் திறந்தயே, இதைச் சொல்ல வேண்டாமா?"

பல்லி வாயை மட்டும் அசைத்தது.

"ஏனுங்க, பாருங்க! இப்பவாவது பதில் சொல்லுதா?"

"பேசாதேன்னு சத்தியம் வாங்குனவளும் நீ, பேசலைன்னு திட்டறவளும் நீ," என்று முனகினான் காளியண்ணன். "அது என்னதான் பண்ணும்?"

பாவாயியின் முகம் சுருங்கிப்போயிற்று. "சரி, சத்தியத்தைத் திருப்பித் தர்றேன். பேசு," என்றாள் மெதுவாக.

பல்லி மூச்சு முழுவதையும் கூட்டிப் பார்த்தது. சொல்லாமல் வைத்திருந்ததெல்லாம் தொண்டையில் வந்து முட்டி, "ச்சு... ச்சு... ச்சு" என்று மட்டும் வெளியே வந்தது.

மறுவாரம் அவள் புதுத் துணி நெய்தபோது, தலைக்கு மேலே "ச்சு" என்று கேட்டது. கையை நிறுத்திக் குனிந்து பார்த்தாள். ஓர் இழை அறுந்திருந்தது. முடிச்சுப் போட்டுவிட்டு நெய்தாள். சிறிது நேரத்தில் மறுபடி "ச்சு". இந்த முறை எவ்வளவு தேடியும் எதுவும் அறுந்திருக்கவில்லை. என்ன என்று கேட்டாள். பல்லியால் சொல்ல முடியவில்லை.

அந்த நாள் தொட்டுத்தான் பல்லி வார்த்தையில்லாமல் உச்சுக் கொட்டுகிறது. நாமும் பேச்சைப் பாதியில் விட்டுவிட்டு, அது எதைச் சொல்கிறது என்று தெரியாமல் சுவரைப் பார்க்கிறோம்.