உலகம்மாளின் மஞ்சள் செம்பருத்தி

உலகம்மாளுக்கு அநியாயம் நடந்தது. ஒரு முறை நடந்திருந்தால் போகட்டும் என்று விடலாம். எட்டு முறை.

அவள் வளர்த்த செம்பருத்தியில் மொட்டு வரும். நாளைக்கு விரியும் என்று முந்தின நாள் மாலையில் பார்த்தாலே தெரியும். காலையில் போய்ப் பார்த்தால் காம்புதான் இருக்கும். யாரோ இருட்டோடு வந்து கிள்ளிக்கொண்டு போயிருப்பார்கள்.

சாமிக்குத்தான். வேறு எதற்கு? அந்த ஊரில் விடியுமுன் பையும் தொரட்டியுமாக அடுத்தவர் வாசலில் நிற்கிறவர் எவரும் தனக்காகப் பறிப்பதில்லை. சாமிக்குப் பறித்தால் திருட்டு இல்லையாம். மீறிக் கேட்டால், கேட்டவர்தான் தலைகுனிய வேண்டும்.

ஒன்றரை வருஷத்துக்கு முன் யாரோ செடியைக் கழித்துக் குச்சிகளைக் குப்பைத்தொட்டி ஓரம் எறிந்திருந்தார்கள். தையல்கடையை அடைத்துவிட்டு வந்த உலகம்மாள் அதில் ஒரு குச்சியை எடுத்துவந்து வாசலில் ஊன்றினாள். என்ன பூ என்று தெரியாது. தெரியாததால்தான் ஊன்றினாள்.

மாசியில் முதல் மொட்டு வந்தது. நுனியில் மஞ்சள் தெரிந்தது.

மஞ்சள் செம்பருத்தி என்றால் அதோடு முடியவில்லை. நடுவில் ஒரு வட்டம் இருக்கும். சிலதில் ரத்தச் சிவப்பு, சிலதில் வெள்ளை. விரிந்தால்தான் தெரியும். ஒரே பகலில் சுருண்டும்விடும். சிவப்பு என்றார் பால்காரர். எதிர்வீட்டு சபூரா வெள்ளை என்று அடித்துச் சொன்னாள். ரவிக்கை தைக்கக் கொடுக்க வந்தவர்கள்கூடக் கட்சி பிரிந்தார்கள்.

எட்டு மொட்டு போயிற்று. நடுவில் என்ன நிறம் என்று உலகம்மாளுக்குத் தெரியவில்லை.

அதற்குள் தெருவே பூத்துவிட்டது. புங்கமரம் பொரியைச் சிந்தியது போல உதிர்த்தது. வேம்பு மணத்தது. சபூராவின் காகிதப்பூ மதிலைத் தாண்டித் தெருவுக்கு வந்தது. காலையில் எல்லாரும் டம்ளரும் கையுமாக வாசலில் நின்று தங்கள் பூவைப் பார்த்தார்கள்.

உலகம்மாள் காம்பைப் பார்த்தாள்.

தன் பூவை எவனும் தொடமாட்டான், அது சாமிக்கு ஆகாது, என்றாள் சபூரா. கொஞ்சம் பெருமையாகத்தான் சொன்னாள்.

உலகம்மாள் சும்மா இருக்கவில்லை. 'பூ பறிக்காதீர்' என்று அட்டை எழுதித் தொங்கவிட்டாள். மறுநாள் மொட்டைக் காணோம். அட்டையில் 'சாமிக்குத் தவிர' என்று சாக்பீஸால் யாரோ சேர்த்திருந்தார்கள்.

அடுத்த மொட்டுக்கு மல் துணியில் ஒரு பை தைத்து, நாடா கோத்துக் கட்டினாள். காலையில் பை நாலாக மடிக்கப்பட்டு வாசல் நடையில் இருந்தது. பறக்காமலிருக்க மேலே ஒரு கல்.

நாலரைக்கு எழுந்து பார்த்தாள். திருடன் நாலேகாலுக்கே வந்து போயிருந்தான்.

ஊருக்கு மேற்கே மாந்தோப்புக்குள் ஒரு மடம். அங்கே இருந்தவரைத் தோப்புச் சாமி என்பார்கள். உலகம்மாளைவிட ஆறு வயது இளையவர். அவள் தினம் சாயங்காலம் கடையை அடைத்துவிட்டு அங்கே போவாள். நாலு வருஷமாகச் சிஷ்யை.

போய்ச் சொன்னாள்.

சாமி கேட்டார்: "பூ உன்னுடையதா, அம்மா?"

"ஒன்றரை வருஷம் தண்ணி ஊத்தினது நாந்தானே சாமி."

"தண்ணீர் யாருடையது?"

"நகராட்சியோடது. வரி கட்டுதேன்."

சாமி கண்ணை மூடிக்கொண்டார். அவ்வளவுதான், இன்றைக்கு இதற்கு மேல் கிடையாது என்று அதற்கு அர்த்தம்.

இன்னொரு நாள் போய்க் கேட்டாள். சாமி குனிந்து ஒரு பிடி மண்ணை அள்ளி அவள் உள்ளங்கையில் வைத்தார். சுற்றியிருந்தவர்கள் ஆகா என்றார்கள். ஒருவருக்குக் கண் கலங்கிவிட்டது.

உலகம்மாள் மண்ணைப் பார்த்தாள். சாமியைப் பார்த்தாள்.

"மண்ணு எங்க வீட்டிலயே இருக்கு சாமி. பூவைத்தான் காணோம்."

மற்ற சிஷ்யர்களும் விடவில்லை. ஆளுக்கொரு பக்கமாக வந்து தேற்றினார்கள். கொடுத்துவைத்த செடி என்றார் ஒருவர். தெய்வத்தின் காலடிக்குப் போன பூவை நினைத்துச் சந்தோஷப்படத் தெரியவில்லையே என்று இன்னொருவர் வருத்தப்பட்டார். பற்றை விடச் சொன்னார் ஒருவர். அவர் இரண்டு வருஷமாக மாமனார் வீட்டு வழித்தகராறில் நீதிமன்றம் ஏறி இறங்குகிறவர்.

பறிகொடுத்தவளுக்குச் சொல்ல ஒவ்வொருவரிடமும் ஒரு உபதேசம் இருந்தது. பறித்தவனுக்குச் சொல்ல ஒருவரிடமும் ஒரு வார்த்தை இல்லை.

"நான் பற்றை விடுதேன்," என்றாள் உலகம்மாள். "முதல்ல ஒரு தடவ பாத்துக்கிடுதேன். பாக்காத ஒண்ண எப்படிச் சாமி விடுறது?"

சாமி அதற்கும் கண்ணை மூடிக்கொண்டார்.

செடியில் ஒன்பதாவது மொட்டு வந்தது. அதுதான் கடைசி. வெயில் ஏறி இலை பழுக்க ஆரம்பித்துவிட்டது. இனி மழை விழுந்தால்தான் மொட்டு. அன்று நாலு மணிக்கே எழுந்து கதவைத் திறந்தாள்.

காம்பு ஈரமாக இருந்தது.

அன்றைக்குப் பங்குனி உத்திரம். மடத்தில் கூட்டம். காலையில் மட்டும் வருகிற குத்தாலிங்கம் அண்ணாச்சி அன்று மாலையும் வந்திருந்தார். ஓய்வுபெற்ற சர்வேயர். தை மாதம்தான் மகன் வீட்டோடு இந்த ஊருக்கு வந்தவர். மடத்துப் பூஜைப் படத்துக்குத் தினமும் பூ கொண்டுவந்து வைப்பது அவர்தான். மத்தியானம் அவற்றைச் சாமியே தன் கையால் அள்ளி மாமரத்தடியில் போடுவார். மாலையில் மட்டும் வருகிற உலகம்மாள் இது எதையும் பார்த்ததில்லை. உத்திரக் கூட்டத்தில் அன்றைக்கு அள்ள மறந்துபோயிற்று.

படத்தடியில் ஒரு மஞ்சள் செம்பருத்தி கிடந்தது. மடக்கின குடை மாதிரிச் சுருண்டு.

உலகம்மாள் அண்ணாச்சியிடம் போய், இந்தப் பூ எங்கே பறித்தது என்று கேட்டாள். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது.

"இதுவா? கீழத்தெருல்லா," என்றார் அவர் சந்தோஷமாக. "மேக்க இருந்து நாலாவது வீடு. நடையில இருந்து மூணடி தள்ளிச் செடி. நல்ல கைராசிக்காரி, எவளோ. ஆனா மகா கஞ்சம், பாத்துக்க. மொட்டுக்குப் பை தச்சுக் கட்டியிருந்தா. சாமிக்குன்னு ஒரு பூ குடுக்க மனசு வரலை அவளுக்கு."

"நாலாவது வீடு எங்க வீடு அண்ணாச்சி."

அண்ணாச்சி தொரட்டியைச் சுவரில் சாய்த்தார். அது சரியாக நிற்கவில்லை. மறுபடியும் சாய்த்தார்.

பிறகு, அந்தப் பையைத் தான் கிழிக்கவில்லை என்றும் மடித்து வைத்துவிட்டுத்தான் வந்ததாகவும் சொன்னார். அது உண்மை. சாமிக்குத்தானே என்றார். அதுவும் உண்மை.

உலகம்மாள் படத்தடியில் உட்கார்ந்து அந்தப் பூவை எடுத்தாள். இதழ்களைப் பிரித்துப் பார்த்தாள். கொழகொழவென்று விரலோடு வந்துவிட்டது. குங்குமம் வேறு பட்டிருந்தது. விரலில் இருந்த சிவப்பு பூவுடையதா குங்குமத்துடையதா, தெரியவில்லை.

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். பஜனைக்கு வந்தவர்கள்கூடத் தாளத்தை மடியில் வைத்துவிட்டார்கள்.

"அண்ணாச்சி, உங்கள நான் திட்டப்போறதில்ல," என்றாள். "ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லுங்க. நடுவுல என்ன நிறம்?"

அவர் யோசித்தார். நிஜமாகவே யோசித்தார். பறிக்கும்போது மொட்டு, இருட்டு வேறு. கொண்டுவந்து வைத்துவிட்டுக் காப்பி குடிக்க வீட்டுக்குப் போய்விடுவார்.

"விரிஞ்சு நான் பாக்கலையேம்மா. மத்தியானம் சாமிதான் தன் கையால அள்ளிப் போடுவாவ."

ஒன்பது பூ. விடிந்ததிலிருந்து மத்தியானம் வரை அந்தப் படத்தடியில்தான் விரிந்து கிடந்திருக்கிறது. காலை வேளையில் அங்கே இருக்கிறவர் ஒரே ஒருவர்.

உலகம்மாள் திரும்பினாள்.

"சாமி, நீங்க சொல்லுங்க."

"பார்வை என்பது, அம்மா..." என்று தொடங்கினார் சாமி.

வழித்தகராறுக்காரர் நோட்டுப்புத்தகத்தைத் திறந்தார்.

"அது வேண்டாம்," என்றாள் உலகம்மாள். "பார்வை என்னன்னு நான் கேக்கலை. நாலு வருஷமா நீங்க கேட்டதுக்கெல்லாம் எனக்குத் தெரிஞ்ச பதிலச் சொல்லியிருக்கேன். மண்ணக் குடுத்தாலும் வாங்கிக்கிட்டுப் போனேன். இன்னைக்கு நான் கேக்கேன். சிவப்பா, வெள்ளையா? ஒத்தச் சொல்லு. ஒம்பது நாளு உங்க முன்னாடி இருந்திருக்கு. அதுல எட்டு நாளு உங்க கையாலதான் எடுத்துப் போட்டிருக்கிய."

சாமி கண்ணை மூடினார்.

"மூடாதீங்க சாமி."

திறந்தார்.

அவள் விரலைப் பார்த்தார். ஏதோ பெரிதாக வரப்போகிறது என்று எல்லாரும் கொஞ்சம் முன்னால் சாய்ந்தார்கள்.

சாமியின் முகம் சிவந்தது. நாலு வருஷத்தில் அப்படி ஒருவரும் பார்த்ததில்லை.

"நானும் பார்க்கலை, அம்மா," என்றார்.